கனடாவில் இறங்கும் அன்று கேட்கும் கேள்விகள், அப்புறம் எழுத வேண்டிய தேர்வுகள்

என் அம்மா நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) வாங்கி கனடாவில் இறங்கிய அன்று அவரிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, "கூட்ஸ் டு ஃபாலோ ஏதாவது உண்டா?" என்பது. அம்மா காதில் 'ஃபாலோ' மட்டும்தான் விழுந்திருக்கிறது. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "நோ, நோ, ஒன்லி மீ" என்றிருக்கிறார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டார். தாளில் 'இல்லை' என்று பதிவாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து குத்துவிளக்கும் பித்தளைப் பாத்திரங்களும் நான்கு பெட்டிகளில் கப்பலில் வந்து சேர்ந்தன. அவற்றை வெளியே எடுக்க நான் அலைந்த அலைச்சலில் பாதி தூரம் ஊருக்கே போய் வந்திருக்கலாம். தப்பு என்னுடையதுதான். பின்னால் வரப்போகும் சாமான்கள் என்பதுதான் அந்த மூன்று வார்த்தைக்கு அர்த்தம் என்று அம்மாவுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. நிரந்தர வசிப்புரிமை விசாவோடு முதல்முறை வந்து இறங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மாகாண விஷயங்கள் வரும் இடங்களில் ஒன்டாரியோவைத்தான் சொல்கிறேன், நான் இருப்பது ஸ்கார்பரோவில். ஏற்கெனவே படிக்கவோ வேலைக்கோ வந்து இங்கிருந்தபடியே பி.ஆர். வாங்கியவர்களுக்கு எல்லைக் கேள்விகள் கிடையாது, எல்லாம் இணையத்திலேயே முடிந்துவிடும். அவர்கள் நேராகத் தேர்வுப் பகுதிக்குப் போகலாம்.

விமானம் ஏறும் முன்

பாஸ்போர்ட், விசா, 'கன்ஃபர்மேஷன் ஆஃப் பர்மனென்ட் ரெசிடென்ஸ்' என்ற தாள், பணம் இருப்பதற்கான வங்கிக் கடிதம், பொருட்களின் பட்டியல் இரண்டு பிரதிகள். இவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு கவுன்ட்டரில் நின்று கையைப் பிசைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கன்ஃபர்மேஷன் தாளைக் காப்பர் என்றே நம்மவர்கள் சொல்வார்கள். அதில் ஒரு காலாவதித் தேதி இருக்கும், பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனைத் தேதியை ஒட்டியே அமையும். அதற்குள் வந்து இறங்கிவிட வேண்டும். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுவிடாதீர்கள், அதிகாரி முன்னால்தான் போட வேண்டும்.

பெயரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்திலும் நம் பெயர் இன்னொரு கட்டத்திலும் இருக்கும், சிலருக்கு ஒரு கட்டம் காலியாகவே இருக்கும். இறங்கும் அன்று தாளில் எப்படிப் பதிவாகிறதோ அப்படியேதான் சமூகக் காப்பீட்டு எண், ஹெல்த் கார்டு, வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் வரிசையாக வரும். இங்கே அலுவலகங்களில் உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அது பழகிவிடும். எழுத்துப் பிழை பழகாது. கவுன்ட்டரை விட்டு நகரும் முன் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

இயந்திரம் கேட்பது

விமான நிலையத்தில் முதலில் உங்களிடம் கேள்வி கேட்பது ஒரு திரை. மது, புகையிலை, பரிசுப் பொருள், 10,000 கனேடிய டாலர் அல்லது அதற்கு மேல் பணம், இறைச்சி, பால் பொருள், பழம், விதை, செடி, இவை உண்டா என்று கேட்கும். பண்ணைக்குப் போயிருந்தீர்களா, கனடாவில் பண்ணைக்குப் போகப் போகிறீர்களா என்றும் ஒரு கேள்வி வரும். கிளம்பும் முந்தின நாள் வயலில் இறங்கி நின்ற செருப்போடு வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டியதுதான்.

அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலங்களில் என்னென்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். சந்தேகம் இருந்தால் 'ஆம்' என்று அழுத்துங்கள். சொன்ன பொருள் கூடாததாக இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் கொண்டுவந்து பிடிபட்டால் அபராதம். அதோடு அது பதிவிலும் இருக்கும்.

அதிகாரி கேட்பது

இது நேர்முகத் தேர்வு இல்லை. மதிப்பெண் கிடையாது. நீங்கள் விண்ணப்பத்தில் எழுதியதும் இன்று வாயால் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் விண்ணப்பத்தின் நகலைக் கிளம்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டு வருடம் முன் ஏஜென்ட் நிரப்பியது என்றால் கட்டாயம் படியுங்கள்.

கேள்விகளில் மிகவும் கனமானது குடும்பம் பற்றியது. "கல்யாணம் ஆனவரா? விண்ணப்பித்த பிறகு அதில் ஏதாவது மாறியிருக்கிறதா? அறிவிக்காத குழந்தைகள் உண்டா?" சாதாரணமாகத்தான் கேட்பார்கள். நம் ஊரில் நடக்கிற கதை உங்களுக்கே தெரியும். தனியாள் என்று விண்ணப்பித்த பையனுக்கு விசா வந்துவிட்டது என்றதும் பெண் வீட்டார் அவசரப்படுத்துவார்கள். கிளம்பும் முன் பதிவுத் திருமணம் ஒன்று சத்தமில்லாமல் நடக்கும். "அங்கே போய் ஸ்பான்சர் பண்ணிக்கலாம், இப்போ எதுக்குச் சொல்லணும்" என்று யாராவது ஒரு மாமா சொல்வார். அந்த மாமாவை நம்பாதீர்கள். குடியேறும்போது அறிவிக்காத, பரிசோதிக்கப்படாத மனைவியையோ கணவரையோ குழந்தையையோ பிற்பாடு குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய விடாமல் தடுக்கும் விதி கனடா குடியேற்ற ஒழுங்குமுறையில் இருக்கிறது. தனியாள் என்று சொல்லி உள்ளே வந்தவர்களின் பி.ஆர். நிலைக்கே ஆபத்து வரலாம். விமானம் ஏறும் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டு, பதில் வரும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. குழந்தை பிறந்திருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது பணம். "எவ்வளவு கொண்டுவந்திருக்கிறீர்கள்?" எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற விண்ணப்ப முறையில் திறமைசாலிப் பிரிவில் வருகிறவர்கள் குடும்ப அளவுக்கேற்ற தொகையைக் காட்ட வேண்டும், அந்தத் தொகை ஆண்டுதோறும் மாறும். 10,000 டாலர் என்பது வேறு கணக்கு. அதற்கு மேல் கொண்டுவரக் கூடாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுவரலாம், சொல்லிவிட வேண்டும், அதுதான் சட்டம். ரொக்கம் மட்டுமல்ல, வங்கி டிராஃப்ட்டும் காசோலையும் அந்தக் கணக்கில் சேரும்.

இந்தப் பணக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1908இல் ஆசியர்கள் கையில் 200 டாலர் வைத்திருக்க வேண்டும் என்று கனடா ஒரு விதி போட்டது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் நேரே வந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி, இந்தியாவிலிருந்து அப்படி நேராகக் கப்பலே கிடையாது. 1914 மே மாதம் 376 பேரோடு வான்கூவர் துறைமுகத்துக்கு வந்த கோமகாட்டா மாரு கப்பலை இந்த விதிகளைக் காட்டித்தான் இரண்டு மாதம் கரையேற விடாமல் நிறுத்தி, பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். இன்று கவுன்ட்டரில் வங்கிக் கடிதத்தை நீட்டும்போது எனக்கு அந்தக் கப்பல் ஞாபகம் வரும்.

மற்ற கேள்விகள் சின்னவை. குற்ற வழக்கு ஏதாவது உண்டா, எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டிருக்கிறீர்களா, எங்கே தங்கப் போகிறீர்கள். முகவரியைச் சரியாகச் சொல்லுங்கள், பி.ஆர். கார்டு அங்கேதான் தபாலில் வரும். நிலையான முகவரி இன்னும் இல்லை என்றால் 180 நாட்களுக்குள் தெரிவிக்கலாம். அதைத் தாண்டினால் கட்டணம் கட்டி வாங்க வேண்டியிருக்கும்.

ஒரு கேள்வி புரியவில்லை என்றால் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டாதீர்கள். மரியாதைக்காகத் தலையாட்டுவது நம் வழக்கம். அங்கே அது பதிலாகப் பதிவாகிவிடும். மறுபடி சொல்லச் சொல்லுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தையாவது அவர்களுக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள்.

அடைக்கலம் கேட்டு வருகிறவர்களின் கதை முழுக்க வேறு. 1986இல் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 ஈழத் தமிழர்கள் தொடங்கி, 2010இல் சன் சீ கப்பலில் வந்தவர்கள் வரை, அவர்களிடம் கேட்ட கேள்விகளை இந்தப் பட்டியலோடு சேர்க்க முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: முதல் நாள் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு, பிற்பாடு அகதி விசாரணையில் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வழக்கறிஞரைச் சீக்கிரம் பாருங்கள், ஒன்டாரியோவில் வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி உண்டு.

நகையும் சாமானும்

இரண்டு பட்டியல் வேண்டும். ஒன்று, கூடவே கொண்டுவருவது. இன்னொன்று, அம்மா விட்டுவிட்ட அந்த 'கூட்ஸ் டு ஃபாலோ', அதாவது பின்னால் வரப்போவது. கப்பலில் வருவது, அடுத்த வருடம் அண்ணன் கொண்டுவரப்போவது எல்லாம் இதில் அடங்கும். இன்று எழுதிக் கொடுத்தால்தான் பிறகு வரும்போது குடியேறுகிறவரின் சொந்தப் பொருள் என்ற சலுகை கிடைக்கும். அதிகாரி முத்திரை போட்டுத் தரும் படிவத்தைப் பத்திரமாக வையுங்கள், பெட்டி வரும் அன்று அதைத்தான் கேட்பார்கள். சலுகைக்கு நிபந்தனை, பொருள் ஏற்கெனவே உங்களுடையதாகவும் நீங்கள் பயன்படுத்தியதாகவும் இருக்க வேண்டும். முதல் 12 மாதத்துக்குள் விற்றால் வரி கட்ட வேண்டிவரும்.

நகையை "கோல்டு ஜுவல்லரி, 40 சவரன்" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். ஒவ்வொன்றாக எழுதுங்கள். தாலிக்கொடி ஒன்று, எத்தனை கிராம், எத்தனை காரட், என்ன மதிப்பு. கல் வைத்த நெக்லஸ் ஒன்று, எத்தனை கல். வளையல் நான்கு, ஜோடிக்கு எத்தனை கிராம். ஆரம், ஜிமிக்கி, குழந்தையின் அரைஞாண் கொடி வரை. வெள்ளைத் துணியில் பரப்பி ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, நகைக்கடையில் மதிப்பீட்டுக் கடிதம் வாங்கி, படத்தின் பின்னால் தேதி போட்டு அவர்களிடமே கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். அரை நாள் வேலை. இது பின்னால் வரப்போகும் நகைக்கும் சேர்த்துத்தான். நாளைக்குத் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் அதே ஆரத்தைப் போட்டுக்கொண்டு திரும்பும்போது "இது புதிதாக வாங்கியதா?" என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்கும்.

மின்பொருட்களுக்கு நிறுவனப் பெயர், மாடல், சீரியல் எண். சில்வர் பாத்திரங்களை மட்டும் மொத்தமாக எழுதலாம், ஒவ்வொரு டம்ளரையும் எண்ண வேண்டாம்.

முதல் வாரம்

இது சுலபம். சர்வீஸ் கனடாவில் ஒன்பது இலக்க சமூகக் காப்பீட்டு எண், இலவசம். சர்வீஸ் ஒன்டாரியோவில் ஹெல்த் கார்டு. மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அந்தக் காத்திருப்பு 2020 மார்ச்சில் எடுக்கப்பட்டுவிட்டது. வங்கிக் கணக்கு. முடிந்தது.

ஜி1: 40 கேள்வி, இரண்டு வாசல்

நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஒன்டாரியோவில் 60 நாள்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு இங்கத்திய லைசென்ஸ் வேண்டும். முதல் படி ஜி1 எழுத்துத் தேர்வு. 40 கேள்விகள், சாலைக் குறிகள் 20, விதிகள் 20. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக 16 சரியாக இருக்க வேண்டும். மொத்தம் 35 எடுத்தாலும், குறிகளில் 20, விதிகளில் 15 என்றால் தேற மாட்டீர்கள். கண் பரிசோதனையும் அன்றே உண்டு.

தமிழிலும் எழுதலாம். ஆனால் படிக்க வேண்டிய அரசுக் கையேடு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருக்கிறது. 'ரைட் ஆஃப் வே' என்று ஆங்கிலத்தில் படித்துவிட்டு அதைத் தமிழில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தேர்வுத் திரை முன்னால் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். கையேட்டை ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஆங்கிலத்திலேயே எழுதுவதுதான் நல்லது. பெற்றோருக்கு யாராவது உட்கார்ந்து தமிழில் சொல்லிக் கொடுத்திருந்தால், அவர்கள் தமிழில் எழுதட்டும்.

நம்மவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. நான்கு பக்கமும் ஸ்டாப் குறி இருக்கும் சந்திப்பில் யார் முதலில் போவது? முதலில் வந்து நின்றவர். இருவரும் ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கம் இருப்பவருக்கு வழி. பெரிய வண்டிக்கும் ஹார்ன் அடிப்பவருக்கும் வழி விட்டுப் பழகிய நமக்கு இது மூளையில் ஏற நாளாகும். அடுத்தது பள்ளிப் பேருந்து. அதன் சிவப்பு விளக்கு மின்னினால் பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். நடுவில் பிரிப்புத் தடுப்பு இருந்தால் மட்டும் எதிர்ப் பக்கத்துக்கு விலக்கு. பின்னால் நிற்பவர் குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் லைசென்ஸ் எக்ஸ்ட்ராக்ட், அதாவது உங்கள் லைசென்ஸ் விவரத்துக்கான எழுத்துச் சான்று, வாங்கிவாருங்கள். வெறும் லைசென்ஸ் அட்டையைக் காட்டினால் 12 மாத அனுபவம் வரைதான் கணக்கில் வரும். லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் எழுத்துச் சான்று இருந்து, இரண்டு வருட அனுபவம் நிரூபணமானால் நேரே முழு ஜி சாலைத் தேர்வுக்குப் போக வழி உண்டு.

குடியுரிமைத் தேர்வு: 20க்கு 15

முதலில் நாள் கணக்கு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். பி.ஆர். ஆகும் முன் மாணவராகவோ பணியாளராகவோ இருந்த நாட்கள் அரை நாளாக எண்ணப்படும், அதிகபட்சம் 365 வரை. சரியாக 1,095இல் விண்ணப்பிக்காதீர்கள். ஊருக்குப் போன ஒரு பயணத்தை மறந்திருந்தால் போச்சு. ஒரு மாதமாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிச் சான்றும் தேர்வும் 18 முதல் 54 வயதுக்காரர்களுக்கு மட்டும். மொழியில் கேட்பதும் பேசுவதும்தான், கனேடிய அளவுகோலில் நான்காம் நிலை. ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் என்ற ஆங்கிலத் தேர்வு என்றால் கேட்டல் 4.5, பேச்சு 4.0. திறமைசாலிப் பிரிவில் வந்தவர்கள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 6.0 எடுத்துத்தான் உள்ளே வந்திருப்பார்கள், அவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆங்கில வழியில் படித்த பட்டத்தின் சான்றும் செல்லும். இரண்டும் இல்லாதவர்கள் புதிதாக வந்தவர்களுக்கான 'லிங்க்' மொழி வகுப்பில் சேர்ந்து நான்காம் நிலைச் சான்று வாங்கலாம். பி.ஆர். காரர்களுக்கு அந்த வகுப்பு இலவசம், குடியுரிமை வாங்கிவிட்டால் அதில் சேர முடியாது. ஆகவே முன்பே போய்விடுங்கள்.

தேர்வு இணையத்தில், வீட்டிலிருந்தே. 20 கேள்விகள், 45 நிமிடம், 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. அழைப்பு வந்தபின் 30 நாள் அவகாசம், மூன்று முறை முயலலாம். மூன்றிலும் தவறினால் அதிகாரி ஒருவர் முன் விசாரணைக்கு அழைப்பார்கள். கணினிக் கேமரா உங்களை அவ்வப்போது படமெடுக்கும், எனவே பின்னால் நின்று விடை சொல்லும் மச்சானை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

"பன்னிரண்டு போதும்பா" என்பார் பழைய ஆள் ஒருவர். அவர் எழுதிய காலத்தில் அது உண்மை. 2010இல்தான் தேர்ச்சி அளவு 60 விழுக்காட்டிலிருந்து 75ஆக உயர்ந்தது. "அறுபது வயசுக்காரருக்கும் தேர்வு உண்டு" என்பார் இன்னொருவர். 2015 முதல் 2017 வரை 64 வயது வரை கேட்டார்கள், 2017 அக்டோபரில் பழையபடி 54க்கு வந்துவிட்டது. உறவினர்கள் பொய் சொல்வதில்லை. அவரவர் எழுதிய வருடத்துச் சட்டத்தைச் சொல்கிறார்கள்.

கேள்விகள் எல்லாம் 'டிஸ்கவர் கனடா' என்ற ஒரே அரசுக் கையேட்டிலிருந்து. இலவசம், காதால் கேட்கும் வடிவமும் உண்டு. கைப்பேசிச் செயலிகளில் மாதிரிக் கேள்விகளை மட்டும் உருப்போட்டு 13இல் நின்றுபோனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். கையேட்டை இரண்டு முறை படித்துவிட்டு அப்புறம் செயலிக்குப் போங்கள்.

நமக்குக் குழப்பம் தரும் பகுதி அரசாங்க அமைப்பு. நாட்டின் தலைவர் யார் என்ற கேள்விக்கு இந்தியாவிலிருந்து வந்தவர் கை பிரதமரை நோக்கிப் போகும். விடை மன்னர் மூன்றாம் சார்லஸ். பிரதமர் அரசாங்கத்தின் தலைவர். மன்னரின் பிரதிநிதி மத்தியில் கவர்னர் ஜெனரல், மாகாணத்தில் லெப்டினன்ட் கவர்னர். மூன்று பிரதேசங்களில் இருக்கும் கமிஷனர் மத்திய அரசின் பிரதிநிதி. நம் ஊர் ஆளுநரை நினைத்துக்கொண்டால் லெப்டினன்ட் கவர்னர் பதவி சட்டென்று புரியும். தொல்குடியினர் மூன்று பிரிவு, ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுயிட், மேட்டி. 1867 ஜூலை 1 அன்று கனடா உருவானபோது இருந்த நான்கு மாகாணங்கள் ஒன்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக். கடைசியாகச் சேர்ந்த மாகாணம் நியூஃபவுண்ட்லாந்து, 1949. கடைசியாக உருவான பிரதேசம் நுனாவுட், 1999. ஆண்டுகளைத் தனியாக உருப்போடாமல் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் பால் எடுக்கும்போதெல்லாம் முதல் உலகப் போரில் கனடா வென்ற விமி ரிட்ஜ் சண்டை, 1917, கண்ணில் படும்.

கையேட்டில் சில இடங்கள் கோடு போட்டுக் காலியாக விடப்பட்டிருக்கும், உங்கள் தொகுதி எம்.பி., மாகாண முதல்வர், நகர மேயர் பெயர்களுக்காக. அவற்றை நீங்களேதான் தேடி நிரப்ப வேண்டும்.

உறுதிமொழி நாள்

தேர்வுக்குப் பிறகு அழைப்பு வரும், நேரிலோ காணொளியிலோ. ஊர்ப் பயணத்துக்கு அந்தச் சமயத்தில் டிக்கெட் போடாதீர்கள். உறுதிமொழி எடுத்த நிமிடத்திலிருந்து பி.ஆர். கார்டு செல்லாது, கனேடிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை வெளியே போனால் திரும்பி வர விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இந்தியக் குடிமகனாக இருந்தவர்கள் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை இனிப் பயன்படுத்தவே கூடாது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, அதைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இலங்கைக்காரர்கள் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

காணொளி விழா என்றால் பி.ஆர். கார்டைக் கேமரா முன்னால் காட்டி வெட்டச் சொல்வார்கள். காய்கறிக் கத்தியால் அந்த அட்டை வெட்டுப்படாது. நல்ல கத்தரிக்கோல் ஒன்றைத் தேடி மேசை மேல் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.